குன்னூரில் தைத்த பை, ஜெய்சல்மரில் கானமயில்

ஜீப் ஜன்னலில் வைத்து லென்ஸைத் தாங்க, குன்னூர் கடைவீதியில் ஒரு தையல்காரரிடம் கேன்வாஸ் பை தைத்துக்கொண்டேன். துணியும் கூலியும் சேர்த்து 450 ரூபாய். காலியாக மடித்து ராஜஸ்தானுக்கு எடுத்துப்போய், ஜெய்சல்மரில் 4 கிலோ கம்பு வாங்கி நிரப்பினேன். அரிசியைவிடக் கம்பு நல்லது. சின்ன மணி, லென்ஸின் வளைவுக்கு அப்படியே படிகிறது.

பாலைவனத் தேசியப் பூங்கா, சுதாசரி. மூன்றாம் நாள் காலை, காய்ந்த புல்லுக்கு மேல் வெளிறிய கழுத்தும் கறுப்புத் தொப்பியும் தெரிந்தன. கானமயில்! சுமார் ஒரு மீட்டர் உயரம். ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலும் நடமாடிய பறவை, இன்று உலகத்திலேயே 200-க்கும் குறைவு. என் கை நடுங்கியும் படம் ஆடவில்லை. வண்டியை விட்டு நாங்கள் இறங்கவே இல்லை. தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவையை விரட்டவே கூடாது. வெயில் ஏறினால் கானல் எழும்பிப் படம் குழம்பிவிடும், விடியலிலேயே போங்கள்.

ஒரு குறை: ஜிப் ஓரத்தில் தையல் பிரிந்து கம்பு சிந்தியது. இரட்டைத் தையல் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பியதும் அவரே காசு வாங்காமல் சரிசெய்து தந்தார். அடுத்த வாரம் மசினகுடிக்கு எடுத்துப்போகிறேன், கவுதாரி பார்க்க.