டிஸ்க் பிரேக் பேட் மாற்றக் கொடுப்பவர்களே, ரோட்டரையும் பாருங்கள்

சிங்கப்பூரில் கிழக்கு வட்டாரத்தில் ஒரு சைக்கிள் கடை. டிஸ்க் பிரேக் பேட் மாற்றக் கொடுத்தேன். ரசீதில் பேட் விலை தனி, கூலி தனி, அதற்கு மேல் ‘ரோட்டர் சுத்தம், பெட்-இன்’ என்று 25 வெள்ளி. ரோட்டர் என்பது சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தட்டு, பேட் அதைப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது. பெட்-இன் என்பது புதுப் பேட்டை அதில் படிய வைப்பது. அந்த 25 வெள்ளிக்கு ஒரு வேலையும் நடக்கவில்லை.

ஃபேபர் மலை இறக்கத்தில்தான் தெரிந்தது. இரண்டு லீவரையும் முழுக்க அழுத்தியும் வண்டி நிற்காமல் போகிறது, கூடவே காதைக் கிழிக்கிற கீச்சல். காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினேன்.

கடைக்குப் போய்க் கேட்டால், “புது பேட் அப்படித்தான்ணே, ஓட்ட ஓட்டச் சரியாகிடும்” என்கிறார் அங்கிருந்த தம்பி. பாதி உண்மை. பெட்-இன் செய்ய மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடைவேகத்துக்கு இறக்கி, மறுபடி வேகமெடுத்து, இப்படி ஒவ்வொரு பிரேக்குக்கும் பத்து இருபது தடவை செய்ய வேண்டும். பேட்டின் மெல்லிய படலம் ரோட்டரில் சீராக ஒட்டினால்தான் முழுப் பிடி வரும். சரி, அதைச் செய்வதற்குத்தானே காசு வாங்கினீர்கள்?

அப்புறம் யீஷூனில் இருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். சைக்கிள் வேலை நன்றாகத் தெரிந்தவர். வெள்ளைத் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துப் பின் ரோட்டரைத் துடைத்தார். கறுப்புக்கு நடுவே மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. செயினுக்கு அடித்த ஸ்பிரே அங்கேயும் தெறித்திருக்கிறது. பழைய பேட் விட்டுப்போன பளபளப்பும் அப்படியே இருந்தது. அதை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்க வைத்து, மறுபடி ஆல்கஹாலால் துடைத்து, விரல் படாமல் மாட்டியிருக்க வேண்டும். கால் மணி நேர வேலை.

அதைவிடப் பெரிய கூத்து, ரோட்டரின் நடுவிலிருந்து விரியும் கையில் ‘ரெசின் பேட் ஒன்லி’, அதாவது பிசின் கலவையில் செய்த மென்மையான பேட் மட்டும்தான் என்று பொறித்தே இருக்கிறது. இவர்கள் போட்டிருந்தது உலோகத்தூளை இறுக்கிச் செய்த, கடினமான மெட்டல் பேட்! அந்த ரோட்டரின் எஃகு அதற்குத் தாங்காது, சீக்கிரமே தேய்ந்துவிடும். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். என்னுடையது நல்லவேளையாகத் தப்பியது. எண்ணெய் குடித்த பேட்களைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அடுப்பில் சுட்டெடுத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கொடுக்கும்போதே ரோட்டரில் பொறித்திருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். எந்த வகைப் பேட் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பழைய பேட்களைக் கேட்டு வாங்குங்கள். செயின் எண்ணெயைச் சொட்டாக விடச் சொல்லுங்கள், ஸ்பிரே வேண்டாம்.

கடை பேட் காசை மட்டும் திருப்பித் தந்தது. கூலியும் அந்த 25 வெள்ளியும் ‘செய்த வேலைக்கு’ என்று மறுத்துவிட்டார்கள். ரசீதும் படங்களும் கையில் இருக்கின்றன. மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்தில் போடப் போகிறேன்.