ரோஜாவா, ஆறு மடிப்பா, இமாரியா? பழைய ஆங்கிலப் போன் சைனாவில் எதைச் சேர்ப்பது

"அக்கா, வீட்ல ஒரே ஒரு கண்ணாடி அலமாரிதான் காலியா இருக்கு. பழைய இங்கிலீஷ் கப்-சாசர் சேர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ராயல் ஆல்பர்ட் ரோஜா வாங்கட்டுமா, இல்ல வேற ஏதாவது சொல்றீங்களா?"

இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பக்கம், எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கேட்டாள். வாசலில் நின்றபடி தொடங்கிய பதில் இரண்டு டீ குடித்த பிறகும் முடியவில்லை. அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பொருள் என்னவென்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. மாட்டெலும்பைச் சுட்டுப் பொடித்த சாம்பல்தான் போன் சைனா என்கிற இந்தப் பீங்கானில் ஏறக்குறைய பாதி. மீதியில் கார்ன்வாலின் வெண்களிமண் கால் பங்கு, கார்னிஷ் கல் கால் பங்கு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், பீங்கான் ஊரான ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் (சுருக்கமாக ஸ்டோக்) ஜோசையா ஸ்போடின் பட்டறையில் இந்தக் கலவை பக்குவப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் விரலின் நிழல் தெரிவதும், வெள்ளையில் பாலாடை போன்ற ஒரு கதகதப்பு இருப்பதும், இவ்வளவு மெல்லிய சுவர் இவ்வளவு உறுதியாக நிற்பதும் அந்தச் சாம்பலால்தான். சைவக் குடும்பங்களில் இதைத் தெரியாமல் வாங்கி, பிறகு மனம் சங்கடப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் யார் கேட்டாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள்: ராயல் ஆல்பர்ட்டின் ஓல்ட் கன்ட்ரி ரோசஸ், ஷெல்லியின் டெயின்டி, ராயல் கிரௌன் டெர்பியின் இமாரி. முதல் இரண்டும் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டின் ஆறு ஊர்களில் ஒன்றான லாங்டனில் பிறந்தவை. மூன்றாவது டெர்பி நகரத்துச் சரக்கு. இன்னொரு பெரிய ஆங்கில நிறுவனமான வெட்ஜ்வுட் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். வெட்ஜ்வுட் 1812-இல் போன் சைனா செய்து பார்த்து, சில வருடங்களில் விட்டுவிட்டு, 1878-இல்தான் மறுபடி தொடங்கியது. அதன் உண்மையான பெருமை குவீன்ஸ் வேர், ஜாஸ்பர் போன்ற வேறு மண்களில் இருக்கிறது. 1965-இல் வந்த வைல்ட் ஸ்ட்ராபெரி அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே அலமாரி என்றால் நான் அங்கே தொடங்க மாட்டேன். ஸ்போடின் புகழ்பெற்ற நீல இத்தாலியன் தட்டுகளைப் போன் சைனா என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. அவை மண்பாண்ட வகை, வெளிச்சத்தில் பிடித்தால் நிழல் தெரியாது.

ரோஜாவிலிருந்து வருவோம். ஓல்ட் கன்ட்ரி ரோசஸ் 1962-இல் ஹரால்ட் ஹோல்ட்கிராஃப்ட் வரைந்தது. அதற்கும் 1921-இல் வந்த கிங்ஸ் ரான்சம் என்ற பழைய வடிவமே மூலம். கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் ரோஜாக்கள், வளைந்து நெளியும் விளிம்பில் தங்கப்பூச்சு. 10 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் விற்றதாகச் சொல்கிறார்கள். ஆங்கிலப் பீங்கான் வகைகளில் இவ்வளவு வீடுகளுக்குள் நுழைந்தது வேறில்லை என்றே நினைக்கிறேன். அதன் பெரிய பலம் இதுதான். ஒரு கோப்பை உடைந்தால் அடுத்த வாரமே இன்னொன்று கிடைக்கும். கோப்பை, சாசர், சிறுதட்டு மூன்றும் சேர்ந்த ட்ரியோ ஒன்றை 12 பவுண்டுக்கு ஒரு சாரிட்டி கடையில் எடுத்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு, சூப் கிண்ணம், மூன்றடுக்குக் கேக் தட்டு என்று முழு மேசைக்கும் ஒரே வடிவத்தில் சேர்க்க முடியும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எங்கும் கிடைப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் இல்லை. ரோஜாக்கள் அச்சு ஒட்டு முறையில் வந்தவை, ஒன்றுக்கொன்று மாறாது. இன்னொரு குழப்பம், அடிமுத்திரையில் இருக்கும் 1962. அது வடிவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டு. அந்தக் கோப்பை செய்யப்பட்ட ஆண்டு என்று நினைத்து அதிக விலை கொடுக்காதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் உற்பத்தி இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது. பழைய இங்கிலாந்துச் சரக்குதான் வேண்டும் என்பவர்கள் முத்திரையில் இங்கிலாந்து என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் அது இல்லாத எதையும் தொடுவதில்லை.

ஷெல்லியைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிதானம் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெயின்டி வடிவத்தை ரோலண்ட் மோரிஸ் 1896-இல் வடிவமைத்தார். அப்போது நிறுவனத்துக்கு வைல்மன் என்று பெயர், ஃபோலி என்ற வணிகப் பெயரும் இருந்தது. ஃபோலி என்பதை மற்றவர்களும் பயன்படுத்தி வந்ததால் அதற்குத் தனியுரிமை கிடைக்கவில்லை. 1910-லிருந்து ஷெல்லி என்ற குடும்பப் பெயரே முத்திரையில் ஏறியது. சில வருடம் 'முன்னாள் ஃபோலி' என்றும் சேர்த்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு சாசர் கையில் கிடைத்த நாளில் நான் வீட்டுக்கு நடந்தா வந்தேன் பறந்தா வந்தேன் என்று நினைவில்லை.

டெயின்டியின் அழகு வடிவத்திலேயே இருக்கிறது. வாயிலிருந்து அடிவரை ஆறு மடிப்பாகக் கோப்பை விரிகிறது, சாசரும் அதே ஆறு மடிப்பு. பூ எதுவுமே இல்லாமல், வெறும் வெள்ளைக் கோப்பைக்கு விளிம்பிலும் கைப்பிடியிலும் மட்டும் நிறம் தீட்டியதைக்கூட வைத்த கண் வாங்காமல் பார்க்கலாம். ரோஜாக் கோப்பையிலிருந்து ரோஜாவை எடுத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். அங்கே மிஞ்சுவது கொஞ்சம், இங்கே எல்லாமே மிஞ்சுகிறது. நான் ஷெல்லி பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுவே. எடையையும் சொல்ல வேண்டும். நிறைய டீ ஊற்றிய பிறகும் விரலில் தொங்கும் கனம் டீயின் கனமாகவே தெரியும்.

1896 முதல் நிறுவனம் கைமாறிய 1966 வரை எழுபது வருடம் அதே வடிவம் வார்க்கப்பட்டது. அதனால் விக்டோரியா காலத்துக் கோப்பையையும் 1960-களின் கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை போலத் தெரியும். 1926-இல் வந்த குவீன் ஆன் என்ற ஷெல்லி வடிவம் எட்டுப் பட்டை வைத்தது, அதற்கும் தனி ரசிகர்கள் உண்டு. 1930-இல் எரிக் ஸ்லேட்டர் வடிவமைத்த வோக், மோட் இரண்டும் கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கைப்பிடி துளையே இல்லாத முக்கோணம். பிடிக்க வசதி இல்லை, அகல வாயில் டீ சீக்கிரம் ஆறிப்போகிறது என்று அந்தக் காலத்தவர்களே குறை சொன்னார்கள். சில வருடத்தில் நின்றும் போயின. குறைவாகச் செய்ததால் இன்றைக்கு ஏலத்தில் டெயின்டியைவிடப் பல மடங்கு விலைக்குப் போகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கத்தான் என்றால் வோக் வாங்கலாம். டீ குடிக்க வேண்டும் என்றால் டெயின்டிக்கு ஈடில்லை.

ஷெல்லியின் சங்கடம் கிடைப்பதில்தான். உடைந்த ஒன்றுக்கு அதே வடிவமைப்பில் மாற்று தேட மாதக்கணக்கில் ஆகும். 1942 முதல் 1952 வரை உள்நாட்டு மக்களுக்கு அலங்காரமில்லாத பாத்திரம் மட்டுமே விற்கலாம் என்று கட்டுப்பாடு இருந்தது, பூப்போட்டவை எல்லாம் ஏற்றுமதிக்குப் போயின. ஷெல்லிக்கு வட அமெரிக்காவில் நல்ல சந்தை. அதனால் லாங்டனில் செய்ததை இன்று கனடாவிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. வழியில் உடைந்தால் அழுகைதான்.

மூன்றாவது, டெர்பியின் இமாரி. ஜப்பானில் அரிட்டா பீங்கான்கள் கப்பலேறிய துறைமுகத்தின் பெயர் இமாரி. அந்த நீலம், சிவப்பு, தங்கச் சேர்க்கையை டெர்பி தனதாக்கிக்கொண்டது. கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சுக்கு அடியில் கோபால்ட் நீலம், மேலே செங்கல் சிவப்பு, கடைசியில் 22 காரட் தங்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சூளைக்குப் போய்வர வேண்டும். சேகரிப்பவர்கள் வடிவத்தைப் பெயரால் சொல்வதைவிட எண்ணால் சொல்வார்கள்: 1128 என்றால் ஓல்ட் இமாரி, 2451 என்றால் டிரெடிஷனல் இமாரி.

நேர்மையான முத்திரை வேண்டும் என்றால் டெர்பியை யாரும் மிஞ்ச முடியாது. ஒவ்வொரு உருப்படியும் தன் வயதைச் சொல்லும். 1938-ஐ ஒன்று என்று வைத்து, அடியில் ரோமன் எண்ணில் வருடக் குறி போட்டார்கள். குறியோடு 1937-ஐக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். 28 என்று இருந்தால் 1965. மற்ற இரண்டிலும் முத்திரையின் வடிவத்தை வைத்து ஏறக்குறைய இந்தக் காலம் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் இமாரி கனமான அழகு. பன்னிரண்டு தட்டை மேசையில் பரப்பினால் சாப்பாடு கண்ணுக்குத் தெரியாது. வருடத்துக்கு வருடம் சிவப்பின் சாயல் மாறுவதால், வெவ்வேறு இடத்தில் வாங்கிச் சேர்த்த செட் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்பதும் உண்டு. தங்கமும் இவ்வளவு இருப்பதால் தினசரிப் புழக்கத்துக்கு எடுக்கக் கை வராது. ஒரே ஒரு பெரிய தட்டை வாங்கி அலமாரியின் நடுவில் நிறுத்துங்கள், அது போதும்.

இந்த மூன்று போட்டியாளர்களும் 1960-களின் நடுவில் அல்லைட் இங்கிலீஷ் பாட்டரிஸ் என்ற ஒரே குழுமத்தின் கைக்குள் வந்துவிட்டன. 1966-இல் ஷெல்லி விற்கப்பட்டபின் அந்தப் பெயரில் உற்பத்தி நின்றது. ஷெல்லியின் தொழிற்கூடத்தில் அதற்குப் பிறகு ராயல் ஆல்பர்ட் சரக்கு தயாரானது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ரோஜாக் கோப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஷெல்லி ஞாபகம் வருகிறது. ரோஜாவின் மேல் கோபம் இல்லை, ஒரு பாரம் மட்டும் உண்டு. லாங்டனில் கிளாட்ஸ்டன் மியூசியத்தில் பாட்டில் வடிவச் சூளைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஸ்டோக்கில் 2,000-க்கும் மேல் இருந்தவை, இன்று ஐம்பதுக்கும் குறைவு. அந்தச் சூளைக்குள் ஒரு முறை நின்றுவிட்டு வந்தால் கோப்பையைத் தூக்கும் விதமே மாறிவிடும்.

எதை வாங்கினாலும் கடையில் செய்ய வேண்டியவை ஒன்றுதான். விரல் நகத்தால் விளிம்பை மெல்லத் தட்டுங்கள். மணி போல ஒலி நீண்டால் நல்லது, மொட்டையாக நின்றால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும், எனவே விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். முத்திரையின் மேல் குறுக்கே கீறியிருந்தால் தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது, அதற்கு முதல் தர விலை கொடுக்க வேண்டாம். கைப்பிடி சேரும் இடத்தைப் பின்னாலிருந்து வெளிச்சம் வைத்துப் பாருங்கள், ஒட்டு வேலை அங்கேதான் ஒளிந்திருக்கும். மேல்வண்ணம் தேய்ந்த பழைய தட்டில் புளி, எலுமிச்சை சேர்ந்ததைப் பரிமாற வேண்டாம், அந்தக் கால வண்ணங்களில் ஈயம் இருந்திருக்கலாம். தங்கம் பூசியது எதுவும் மைக்ரோவேவுக்குள் போகக் கூடாது. டிஷ்வாஷரும் வேண்டாம். வீட்டுக்கு வந்த விருந்தினர் அன்போடு உதவுகிறேன் என்று என் நான்கு சாசர்களை அதில் போட்டுக் கழுவிக்கொண்டே வந்தார். சில மாதத்தில் விளிம்புத் தங்கம் மங்கி, பழைய ஜரிகை போல ஆகிவிட்டது. கோப்பைகளைக் கைப்பிடியில் கொக்கி மாட்டித் தொங்கவிடாதீர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காதீர்கள். தட்டுகளுக்கு நடுவே மெல்லிய துணி வையுங்கள்.

அந்தப் பெண்ணிடம் கடைசியாக இப்படிச் சொன்னேன்: "அடிக்கடி பத்துப் பேரைக் கூப்பிட்டு டீ கொடுக்கிற வீடுன்னா ரோஜாவே வாங்கு, பயமில்லாம புழங்கலாம். உனக்கே உனக்குன்னு சேர்க்கிறதா இருந்தா ஒரே ஒரு டெயின்டி ட்ரியோ வாங்கு. பூப்போட்டதே வேணாம், பச்சை விளிம்பு போட்ட வெள்ளையா இருந்தாலும் சரி. ஒரு மாசம் சாயங்கால டீயை அதுலயே குடி. ரெண்டாவதா எது வேணும்னு அப்புறம் என்னைக் கேக்க மாட்டே."

மூன்று வாரம் கழித்து, காரின் பின்பெட்டியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சனிக்கிழமை கார் பூட் சேலில், பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவளைப் பார்த்தேன். ஒரு பெட்டிக்குள் குனிந்து, சாசர் ஒன்றைத் திருப்பி அடிமுத்திரையைப் படித்துக்கொண்டிருந்தாள்.