மூன்று வருட ஸ்மார்ட் ஃபிலிம்: நடுவில் குறையில்லை, ஓரம்தான் உயிரை எடுக்கிறது

மீட்டிங் ரூம் கண்ணாடிக்கு ஸ்மார்ட் ஃபிலிம் ஒட்டலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். மூன்று வருடமாகப் புழங்கும் பி.டி.எல்.சி. ஃபிலிமின் (பாலிமருக்குள் திரவப் படிகத் துளிகள் கொண்ட, சுவிட்சில் தெளியும் ஸ்மார்ட் ஃபிலிம்) ஓரத்தைப் போன வாரம்தான் பிரித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தச் சூடு ஆறாமல் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சைப் போட்டதும் பால் போல வெளுத்திருந்த கண்ணாடி சட்டென்று தெளிகிறது. இத்தனை நாளாகியும் அதில் தாமதமே இல்லை. சதுர மீட்டருக்கு ஐந்து வாட் அளவில்தான் கரண்ட் இழுக்கிறது. கரண்ட் போனால் வெளுத்துவிடும் என்பதால் மறைவு எப்போதும் உண்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் லேசாக மூட்டமாகத் தெரியும், அது பழுதில்லை. உள்ளே இருக்கும் திரவப் படிகத் துளிகளின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு), நேராகப் பார்க்கும்போதுதான் சுற்றியுள்ள பாலிமரோடு ஒத்துப்போகும்.

எரிச்சல் எல்லாம் ஓரத்தில். ஃபிரேமை ஒட்டி நூல் போலத் தொடங்கிய வெள்ளைக் கோடு இப்போது விரல் அகலம். சுவிட்ச் போட்டாலும் அது தெளிவதில்லை. காரணம், ஓரத்தை அடைக்கச் சுற்றிலும் அடித்த சிலிக்கோன் சீலண்ட். காயும்போது வினிகர் வாடை வரும் அசிட்டிக் வகை அது. அந்த அமிலம் வயர் இணையும் காப்பர் டேப்பையும், அதன் அடியிலுள்ள, மின்சாரம் கடத்தும் மெல்லிய ஐ.டி.ஓ. பூச்சையும் அரிக்கிறது. பிடிப்பு விட்ட இடத்தில் ஈரம் புகுந்து, பாலிமரை நடுவில் வைத்திருக்கும் இரண்டு பி.இ.டி. (PET) பிளாஸ்டிக் ஷீட்டும் பிரிகின்றன. தொடர்பு தளர்ந்த இடம் சூடாகி, பழுப்புப் புள்ளி விழுந்து பூச்சே கருகுகிறது. பேனல் ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தெளிந்தால், இந்தக் கோளாறு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சரிசெய்ய, டிரான்ஸ்ஃபார்மரை அணைத்து, இரண்டு வயரையும் கழற்றி, மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஃபிலிம் அடிப்படையில் ஒரு பெரிய கெபாசிட்டர். இரு பூச்சுகளும் தொடாததால் ஓபன், அதாவது அளக்க முடியாத ரெசிஸ்டன்ஸ், காட்ட வேண்டும். சில நூறு ஓம் காட்டினால் வெட்டிய விளிம்பில் இரு பூச்சுகளும் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. ஷார்ட் இல்லையென்றால், பழைய டேப்புக்குப் பக்கத்தில் பத்து மில்லிமீட்டர் அகலத்தில், மேலே உள்ள ஷீட்டை மட்டும் பிளேடால் கீறி உரியுங்கள். கை அழுத்தினால் அடி ஷீட்டின் பூச்சும் போய்விடும். வெளியே தெரியும் பாலிமர் படலத்தை ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் துடைத்து, மின்சாரம் கடத்தும் சில்வர் பேஸ்ட் தடவி, புது காப்பர் டேப் ஒட்டி, வயரை டேப்பின் வெளிமுனையில் சால்டர் செய்யுங்கள். மேலே மின்காப்புக்குப் பாலிஇமைடு டேப். சீலண்ட் அமிலம் விடாத நியூட்ரல் வகை மட்டும். மேல் ஷீட்டுக்குப் போகும் இன்னொரு வயரின் முனை கெட்டிருந்தால் வேலை இரட்டிப்பு: அந்தப் பூச்சு கண்ணாடியைப் பார்த்திருப்பதால், ஃபிலிமின் மூலையையே கிளப்ப வேண்டும்.

ஃபிலிமோடு வந்த ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள். டி.சி. கொடுத்தால் அயனிகள் ஒரு பக்கம் ஒதுங்கி ஃபிலிம் பாழாகும்.

நியாயமாகப் பார்த்தால் பழி ஃபிலிம் மேல் இல்லை, சிலிக்கோன் அடித்த கை மேல்தான். ஆனாலும் கண்ணாடி மேல் ஒட்டும் ரகத்தை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே லேமினேட் செய்து, ஓரம் சீல் செய்து வருவதற்குப் பட்ஜெட் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ரோலர் பிளைண்ட் போதும்.