ஜிப்பைப் பிரிக்க அன்ஜிப்பா, பிஎஸ்டிடாரா, செவன்-ஜிப்பா?

சர்வருக்குள் நுழைந்து ஒரு ஜிப் ஃபைலைப் பிரிக்கணும்னா பலருக்கும் கை தானாக அன்ஜிப் என்ற கட்டளையைத்தான் தட்டும். எனக்கும் அப்படித்தான், இப்போது பிஎஸ்டிடார் என்ற இன்னொரு பிரிக்கும் கருவிக்கு மாறிவிட்டேன்.

அன்ஜிப்பில் குறை என்று பார்த்தால் வயசுதான். 6.0 பதிப்பு வந்தது 2009-இல், அதற்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை, லினக்ஸ் விநியோகங்கள் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கின்றன. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப்பைக் கொடுத்தால், ஜிப் வடிவத்தின் 5.1 பதிப்பு வேண்டும், எனக்கு 4.6 வரைதான் தெரியும் என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விடும். கடவுச்சொல் தப்போ என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம். ஆனால் ஒரு வசதி: கட்டளையில் சின்ன டி (-d) போட்டு ஃபோல்டர் பெயர் கொடுத்தால், அந்த ஃபோல்டர் இல்லையென்றாலும் அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

பிஎஸ்டிடாரில் அது நடக்காது. பெரிய சி (-C) போட்டுச் சொல்லும் ஃபோல்டரை முன்பே நாம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். மற்றபடி ஜிப், பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார், ஜிஜிப்பிலோ எக்ஸ்இசட்டிலோ சுருக்கிய டார் என எதைக் கொடுத்தாலும் ஒரே கட்டளைதான், உள்ளே இருப்பதைப் பார்த்துத் தானே வகையைக் கண்டுபிடித்துக்கொள்ளும், பெயரின் வால் தப்பாக இருந்தாலும் கவலையில்லை. மேக்கில் டார் என்றாலே இதுதான். 2018-இல் இருந்து விண்டோஸ் 10-இலும் இதுதான், பலருக்குத் தெரியாது. லினக்ஸில் இருக்கும் குனு டார் வேறு ஆள், ஜிப்பைக் கொடுத்தால் இது டாரே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உபுண்டுவில் லிப்ஆர்கைவ்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் பிஎஸ்டிடார் வந்துவிடும்.

எனக்கு இதைப் பிடித்ததற்கு உண்மையான காரணம் பைப், அதாவது இறங்கும் ஃபைலை நேராக இன்னொரு கட்டளைக்குள் ஊற்றும் வழி. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ஜிப்பின் அட்டவணை ஃபைலின் கடைசியில் இருப்பதால் முழுதும் இறங்காமல் அன்ஜிப்பால் தொடங்க முடியாது, பிஎஸ்டிடாரோ இறங்க இறங்கவே பிரிக்கும், டிஸ்க்கில் இடம் குறைவாக இருக்கும் சின்ன சர்வரில் இது பெரிய உதவி. அப்புறம், அப்படிப் பிரித்தால் ஸ்கிரிப்ட்களை இயக்கும் அனுமதி போய்விடும், ஏனென்றால் அந்த விவரமும் கடைசி அட்டவணையில்தான் இருக்கிறது. சிஎச்மாட் கட்டளையால் அந்த அனுமதியைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் போட்ட செவன்-இசட் (.7z) ஃபைல் வந்தால் மட்டும் செவன்-ஜிப்புக்குப் போவேன். இகோர் பாவ்லோவ் 1999-இல் எழுதியது. லினக்ஸுக்கு அவருடைய சொந்தப் பதிப்பு 2021-இல்தான் வந்தது, அதுவரை பி-செவன்-ஜிப் என்ற வேறொருவர் வடிவம்தான். இதில் எக்ஸ் என்றால் ஃபோல்டர் அமைப்போடு பிரிக்கும், ஈ என்றால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டும். நான் ஒருமுறை எக்ஸ்ட்ராக்ட்டுக்கு முதல் எழுத்து ஈ தானே என்று அதைத் தட்டி, முன்னூறு சொச்சம் ஃபைல்கள் ஹோம் ஃபோல்டரில் சிதறிக் கிடந்ததை ஒரு மதியம் முழுக்கப் பொறுக்கினேன். எங்கே பிரிக்க வேண்டும் என்று சொல்லும் ஓ-வுக்கும் (-o) ஃபோல்டர் பெயருக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது என்பது இன்னொரு எரிச்சல்.

பழைய ஜப்பானிய, ரஷ்ய ஜிப்களில் ஃபைல் பெயர்கள் கந்தரகோலமாக வந்தால் அன்ஆர் என்ற கருவியைப் பாருங்கள், எழுத்துக் குறியீட்டை ஊகித்துச் சரியாகக் காட்டும். உள்ளே ஃபைல்கள் சிதறிக் கிடந்தால் கேட்காமலே ஃபோல்டர் போட்டு அடுக்கும். அது அன்றைக்கு என்னிடம் இருந்திருக்கணும்.