ஆஃப்செட்டா, டிரம்மா? ஆடிக் காற்றுக்கு எந்த ஸ்மோக்கர் தாங்கும்?

கும்பகோணம் பக்கம், புகையில் கறியை மெதுவாக வேகவைக்கும் ஸ்மோக்கர் அடுப்பு செய்யச் சொல்லி வெல்டிங் பட்டறைக்குப் போகிறவர்கள் முதலில் தகட்டின் கனத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பது. கறி வேகும் பக்குவமும் புகையின் ருசியும் அந்த வழியில்தான் இருக்கின்றன.

டெக்சாஸ்காரர்கள் மாட்டு நெஞ்சுக்கறிக்கு நம்புவது ஆஃப்செட்டை. படுக்கை வாட்டில் ஓர் உருளை. ஒரு பக்கம் நெருப்புப் பெட்டி, மறுகோடியில் புகைபோக்கி. சூடான காற்று மேலேறி வெளியே போகப் போக, பெட்டியின் வாய் வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடும். இழுவை சரியாக இருந்தால் விறகு சுடர்விட்டு எரியும். புகை மெல்லிய நீலமாகத் தெரிந்தும் தெரியாமலும் போகும். அந்தப் புகையின் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் பெட்டியை ஒட்டி வைத்த கோழி கருகும்போது, கோடியில் வைத்தது அரைவேக்காடாக நிற்கும்.

இதற்கு மாற்றுதான் ரிவர்ஸ் ஃப்ளோ. கம்பி வலைக்கு அடியில் ஒரு தகடு. சூடு அதன் கீழே கோடி வரை போய், மேலே திரும்பி வந்து, பெட்டிப் பக்கத்துப் புகைபோக்கியில் வெளியேறும். வேக்காடு ஏறக்குறைய சீராகிவிடும். வழி நீளம் என்பதால் இழுவை குறையும், விறகும் கூடுதலாகப் பிடிக்கும்.

என் முதல் ஆஃப்செட்டுக்கு 2 அங்குலக் குழாயைப் புகைபோக்கியாக வைத்துவிட்டேன். சூடு ஏறியபோது அதன் மூடியையும் பாதி அடைத்தேன். உள்ளே வெள்ளைப் புகை தேங்கி, ஆட்டுத்தொடை முழுக்கத் தாராகக் கசந்தது. அன்றிலிருந்து புகைபோக்கியை முழுதாகத் திறந்தே விடுகிறேன். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்று நுழையும் பெட்டி வாயில் மட்டும்தான்.

டிரம் வேறு கதை. 200 லிட்டர் பீப்பாய், அடியில் மூன்று நான்கு சிறு துளைகள், கரிக்கூடை, அதற்கு இரண்டடி மேலே கம்பி வலை. காற்று நேராக மேலே ஏறுகிறது. கொழுப்பு கனலில் சொட்டி ஆவியாகி மறுபடி கறியில் படிவதால், சுட்ட கறியின் வாசம் சேர்ந்துவிடும். உள்ளே போகும் காற்று குறைவு. ஈரமும் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒரு கூடை கரியில் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் நிற்கும். ஆனால் மூடியை அடிக்கடி திறந்தால் காற்று பாய்ந்து கனல் சீறும். ரசாயனம் இருந்த டிரம்மை மட்டும் தொடவே கூடாது.

கமாடோ என்கிற முட்டை வடிவ செராமிக் அடுப்பும் சூட்டை நன்றாகப் பிடிக்கும். விலைதான் நம்மூர் வீட்டுக்கு எட்டாது.

ஆடிக் காற்றில் ஆஃப்செட்டின் வாய் காற்றைப் பார்த்து இருந்தால் நெருப்பு கட்டுக்குள் நிற்காது, பொறியும் பறக்கும். வைக்கோல் போர் உள்ள வீட்டில் இது சாதாரண விஷயமில்லை. ஐப்பசி மழையிலோ விறகு ஈரம். புகை உடனே வெளுத்துவிடும். டிரம்முக்குச் சீமைக்கருவேலக் கரி போதும். அமெரிக்காவின் மெஸ்கீட் மரத்துக்கு அது உறவு, காட்டமான வாசம். மேலே ஒரு கொய்யாக் கட்டை வைத்தால் நாகப்பட்டினத்துக் கொடுவா மீனுக்கு அளவாக இருக்கும்.

ஆகவே வீட்டுக்கு டிரம்தான் என்பேன். கல்யாணத்துக்கு 20 கிலோ கறி போடுகிற சமையல்காரர் ரிவர்ஸ் ஃப்ளோ செய்துகொள்ளட்டும். ஆனால் பட்டறையில் புகைபோக்கியை 4 அங்குலத்துக்குக் கீழே குறைக்க விடாதீர்கள்.