லண்டன் செல்லும் சுற்றுலாப் பயணிக்கு எந்தப் பயணச்சீட்டு பொருத்தம்?

லண்டனைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவோர் பலர், விமானம் ஏறுவதற்கு முன்பே ஏதேனும் ஒரு பயண அட்டையை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் தேவையில்லை. அந்நகரின் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் பல நாள்கள் சுற்றிய பிறகு நான் வந்திருக்கும் முடிவு இது: பெரியவர்களுக்கு, தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையே முதல் தேர்வு.

இதற்குக் காரணம் தினசரி உச்சவரம்பு. ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், வரம்பைத் தொட்டபின் கட்டணம் ஏறாது. லண்டன் நடுவிலிருந்து வெளிநோக்கி வளையங்களாகக் கட்டண மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, முதலிரண்டு மண்டலங்களுக்குள் இந்த வரம்பு 8.90 பவுண்டாக இருந்தது. நாள் முழுதும் விருப்பம்போல் பயணம் செய்ய முன்பணம் கட்டி வாங்கும் ஒரு நாள் டிராவல்கார்டு என்னும் சீட்டோ நான்கு மண்டலங்களுக்குக் குறைவாகக் கிடைப்பதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லண்டன் கோபுரம், வெஸ்ட்மின்ஸ்டர் ஆகிய மூன்றும் முதல் மண்டலத்திலேயே இருக்கும்போது, அந்தச் சீட்டை வாங்குபவர் தாம் போகவே போகாத பகுதிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். பேருந்தில் மட்டும் செல்வோருக்குச் செலவு இன்னும் குறைவு. முதல் பேருந்தில் அட்டையைத் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் மற்றப் பேருந்துகளுக்குக் கட்டணமே கிடையாது. 2014 ஜூலை முதல் அங்கே பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வார உச்சவரம்பும் உண்டு. அது ஏறக்குறைய ஐந்து நாள் வரம்புக்குச் சமம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே கணக்கிடப்படுவதால், வியாழக்கிழமை இறங்கி அடுத்த புதன்கிழமை திரும்புபவருக்கு அதனால் பலன் கிடைக்காது. அத்தகையவர் நாள்தோறும் நிறையப் பயணம் செய்வாரானால், எந்தக் கிழமையிலும் தொடங்கக்கூடிய ஏழு நாள் டிராவல்கார்டை, முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரில் ஏற்றிக்கொள்வதே சிக்கனம்.

வங்கி அட்டையைப் பயன்படுத்துவதில் கண்டிப்பான ஒரு நியமம் இருக்கிறது. உள்ளே நுழையும்போது எதைத் தொட்டோமோ, வெளியேறும்போதும் அதையே தொட வேண்டும். ஒரு மாலை நான் கைப்பேசியைத் தொட்டு உள்ளே போனேன். இறங்கும்போது மின்கலம் தீரும் நிலையில் இருந்ததால், அதே வங்கிக் கணக்கின் அட்டையை மஞ்சள் நிறக் கருவியில் வைத்தேன். கதவு திறந்தது. மறுநாள் கணக்கைப் பார்த்தால், முற்றுப்பெறாத பயணங்கள் என்று இரண்டு, அவற்றுக்கு இரண்டு அதிகபட்சக் கட்டணங்கள். கணக்கு ஒன்றேயானாலும் கைப்பேசியும் அட்டையும் அந்த அமைப்புக்கு வெவ்வேறு பயணிகள்தாம். அதனால்தான் ஒரே அட்டையில் கணவனும் மனைவியும் சேர்ந்து போகவும் முடியாது. டி.எல்.ஆர். எனப்படும் கிழக்கு லண்டன் இலகு ரயிலின் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவு இல்லை. அங்கே கருவியைத் தேடிச் சென்று தொடாவிட்டால் இதே நிலைதான். பேருந்தில் ஏறும்போது தொட்டால் போதும்.

வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் வங்கி கட்டணம் பிடிக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மிகுதியாகப் பிடிக்குமானால் ஆய்ஸ்டர் நல்லது. மீதித் தொகையைத் திரும்பப் பெறலாம், அட்டையின் விலையைப் பெற முடியாது. வீட்டுக்கே அஞ்சலில் வரும் விசிட்டர் ஆய்ஸ்டரில் பயணக் கட்டணம் எதுவும் குறைவதில்லை என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு மட்டும் என் பரிந்துரை மாறுகிறது. வங்கி அட்டையில் சிறுவர் சலுகை கிடையாது. நிலையத்தில் சாதாரண ஆய்ஸ்டர் அட்டை வாங்கி, இளம் பயணியருக்கான சலுகையை ஊழியரிடம் கேட்டுப் பதிந்துகொண்டால், 14 நாள்கள் வரை பாதிக் கட்டணம்தான். அதற்கும் குறைந்த வயதுப் பிள்ளைகள், பெரியவர் ஒருவருடன் நால்வர் வரை, சுரங்க ரயிலில் இலவசமாகவே செல்லலாம். அகலமான கதவருகே நிற்கும் ஊழியரிடம் சொன்னால் உள்ளே விடுவார்.