ஒன்பது வருடமாக எழுதிவரும் சிட்டுவின் செலவு நோட்டு

வர்தா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, 2016 டிசம்பர் 13. வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் வேரோடு சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியிலிருந்து ஒரு நாய்க்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. கிளைகளை விலக்கி என் மகள் தூக்கி வந்தாள். செவலை நிறம், ஒரு காது மடங்கியிருந்தது, உடம்பு முழுக்க நடுக்கம். சிட்டு என்று பேர் வைத்தோம். வீட்டுச் செலவை அன்றன்றைக்கு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. சிட்டுவுக்கென்று தனியாக ஒரு நோட்டு போட்டேன். இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு.

சமீபத்தில் நாய்க்குட்டி வாங்கிய பக்கத்து வீட்டுத் தம்பி, "அக்கா, எந்த டாக்டர்கிட்ட போகலாம், மாசம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்காக மூன்று நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய தொகை எழுதியிருக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் நான் எதையோ தள்ளிப் போட்டிருக்கிறேன், இல்லையென்றால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

முதல் டாக்டரை நான் தேர்ந்தெடுத்தேன் என்றே சொல்ல முடியாது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம், கட்டணமும் குறைவு. அவ்வளவுதான். குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட்டு "போதும், அடுத்த வருஷம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அது தவறு என்று எனக்கு அப்போது தெரியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். பார்வோ என்கிற வைரஸ் நோய் பெரும்பாலும் பிடிப்பது ஊசியே போடாத, இல்லையென்றால் இப்படி ஓர் ஊசியோடு விட்ட குட்டிகளைத்தான். சிட்டு தப்பியது அதிர்ஷ்டம்.

2018 ஜூலையில் சிட்டு சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போனாள். உடம்பு கொதித்தது. அதே டாக்டரிடம் மூன்று நாள் தொடர்ந்து போனேன். நோட்டில் "ஊசி 750, ஊசி 750, ஊசி 850" என்று இருக்கிறது. என்ன ஊசி என்று எழுதவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது. சீட்டு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் சாயங்காலம் கொஞ்சம் தெளிவாள், காலையில் மறுபடி சுருண்டு படுப்பாள். நான்காம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது.

ஆட்டோ பிடித்து வேப்பேரிக்கு ஓடினோம். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. எங்கள் மாமியார் காலத்து ஆட்கள் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஓபி சீட்டு வாங்கிவிட்டு நல்ல கூட்டத்தில் காத்திருந்தோம். சிட்டுவின் மூக்கைப் பார்த்ததும் முன்னாடி நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஓர் இளம் டாக்டர், கூடவே நான்கைந்து மாணவர்கள். அவர் சிட்டுவின் மேல் உதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, நிறம் திரும்ப நேரம் எடுத்தது. பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் சிதறியிருந்த கடுகளவு சிவப்புப் புள்ளிகளை மாணவர்களுக்குக் காட்டினார். காது மடலுக்குள்ளே விரலை விட்டு ஓர் உண்ணியை எடுத்து என் கையில் வைத்தார். மூன்று நாள் காசு கொடுத்த இடத்தில் யாரும் அந்தக் காதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறைய உதவுகிற தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டாயிரம் இருந்தது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள் எழுதிக் கொடுத்தார். "ஒரு வாரத்துல நல்லா ஆயிடும், அப்பவும் நிறுத்தக்கூடாது. வெறும் வயித்துல வேண்டாம். தயிர்ல வச்சும் குடுக்காதீங்க, மருந்து உடம்புல சரியா சேராது" என்றார். தயிர்சோற்றில் பிசைந்து கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அவர் சொல்லாவிட்டால் அதைத்தான் செய்திருப்பேன். இட்லிக்குள் வைத்துக் கொடுத்தோம். பரிசோதனை, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான் ஆனது. முதல் மூன்று நாளுக்கு நான் கொடுத்தது 2,350.

இதைச் சொல்வதால் அரசு ஆஸ்பத்திரி நல்லது, தனியார் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேப்பேரிக்குப் போனால் அரை நாள் போய்விடும், போகும்போதெல்லாம் அதே டாக்டர் பார்ப்பார் என்பதும் இல்லை. கண்டுபிடிக்க முடியாத நோய், பெரிய ஆபரேஷன், கையில் காசில்லாத நேரம், இதற்கெல்லாம் இன்றைக்கும் அங்கேதான் போவேன். ஆனால் அன்றாடத்துக்கு வீட்டுப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், சிட்டுவை வருடக்கணக்கில் தெரிந்தவராக.

இந்த முறை நோய் வருவதற்கு முன்னாலேயே தேடினேன். வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டிய மாதத்தில் மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். முதல் இடத்தில் எடை பார்க்காமலே ஊசியை எடுத்தார்கள். தடுப்பூசிக்கு எடை கணக்கில்லை என்றாலும் நாய்க்கு மற்ற மருந்துகளின் அளவு பெரும்பாலும் எடையை வைத்துத்தான், எடைகூடப் பார்க்காத இடம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். இரண்டாவது இடம் பளபளவென்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் வருடப் பேக்கேஜ் அட்டையைக் கையில் கொடுத்தார்கள், சிட்டுவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மூன்றாவதாகப் போனது ஒரு டாக்டரம்மாவிடம், மாடிப்படிக்குக் கீழே சின்ன கிளினிக். மேஜையைக் கண்டு சிட்டு பதுங்கியதும் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் பேச்செல்லாம் என்னோடுதான். எத்தனை வேளை சாப்பாடு, தண்ணீர் எவ்வளவு, மலம் எப்படி, கடைசியாக எப்போது சூட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சிட்டு அவர் மடியில் மோப்பம் பிடிக்க வந்துவிட்டாள். காது, பல், ஈறு, வயிறு, கால் விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகக் கையால் பார்த்தார். ஊசி மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, காலாவதித் தேதியைக் காட்டி, குப்பியின் ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். சீட்டில் அவருடைய கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் அச்சாகியிருந்தது.

நான் பயந்து பயந்து கேட்டேன்: "பெரிய செலவு ஏதாவது வந்தா முன்னாடியே சொல்வீங்களா டாக்டர்?"

"சொல்லாம எப்படிம்மா? உங்களால எவ்வளவு முடியும்னு நீங்களும் என்கிட்ட சொல்லணும். அப்பதான் எதை முதல்ல பாக்கறது, எதை நாளைக்குத் தள்ளலாம்னு நான் முடிவு பண்ண முடியும்."

அந்தப் பதிலுக்காகவே அவரிடம் நின்றுவிட்டேன். பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாத டாக்டர் கிடைப்பது பெரிய விஷயம். நாமும் கூச்சப்படக்கூடாது. "எல்லாம் பண்ணுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து மனம் உடைந்து, அடுத்த தடவை ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போனவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் உண்டு.

அவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் கேட்காமல் போனேன். 2019-ல் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடச் சொன்னார், 6,500 ரூபாய் ஆகும் என்றார். மாமியார், "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்றார். அப்புறம் பொதுமுடக்கம் வந்தது. 2021 ஆகஸ்டில், சூடு முடிந்து ஒரு மாதம் கழித்து, சிட்டு தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டே இருந்தாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை நிரப்பினோம். வெயில் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எழுந்து நிற்கவில்லை. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறியது. ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். கருத்தடையின்போதே கர்ப்பப்பையை எடுத்திருந்தால் இது வந்திருக்காது. அன்று ராத்திரியே ஆபரேஷன்.

அறுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்கை எழுதிக் கொடுத்தார். பார்த்ததற்கு 400, ஸ்கேன் 1,200, ரத்தப் பரிசோதனை 1,800, மயக்க மருந்தோடு ஆபரேஷன் 16,000, ஐந்து நாள் ட்ரிப்ஸும் ஊசியும் 4,500. மொத்தம் 23,900. பாதியை அன்றும் மீதியை அடுத்த மாதமும் வாங்கிக்கொண்டார். அந்தத் தாளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டை நாய் வைத்திருக்கும் எல்லோரிடமும் இதைக் காட்டுகிறேன். குட்டி எடுக்கப் போவதில்லை என்றால் டாக்டரிடம் வயதைக் கேட்டுத் தேதி குறித்துவிடுங்கள். ஒரு தடவை குட்டி போட்டால்தான் ஆரோக்கியம் என்பது உண்மையில்லை.

சிட்டு பிழைத்து வந்த மாதமே வங்கியில் அவள் பேருக்காக ஓர் ஆர்.டி. தொடங்கினேன், மாதம் ஆயிரம். காப்பீடும் விசாரித்தேன். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு எதுவும் கிடைக்காது, தடுப்பூசிச் செலவு சேராது என்றார்கள். சிட்டுவின் வயதுக்கும் வரலாற்றுக்கும் அது சரிப்பட்டு வரவில்லை. குட்டி வைத்திருப்பவர்கள், எதெல்லாம் சேராது என்ற பக்கத்தை முதலில் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

2025-ன் கணக்கு இது. தடுப்பூசிகள், பார்த்த கட்டணத்தோடு 1,450. உண்ணிக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு மாத்திரை, 7,600. குடற்புழு மாத்திரை 480. வருடாந்திர ரத்தப் பரிசோதனை 2,500. காதில் சீழ், நகம் பிய்ந்தது என்று சில்லறையாக 1,700. ஆக 13,730, சாப்பாடு தனி. இதில் உண்ணி மாத்திரை அதிகம்போலத் தெரியும். அதைக் குறைக்க நான் தயாராக இல்லை, மூக்கில் ரத்தம் வந்த காலையை நான் பார்த்திருக்கிறேன். வெறிநோய் ஊசியில் மிச்சம் பிடிக்க வேண்டியவர்களுக்கு வழி இருக்கிறது. ஜூலை 6 (விலங்குகளிடமிருந்து பரவும் நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் தினம்) நாட்களையொட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் அரசுக் கால்நடை ஆஸ்பத்திரிகளிலும் இலவச முகாம் நடத்துவார்கள். அறிகுறி வந்துவிட்டால் வெறிநோய்க்கு வைத்தியமே கிடையாது, அதனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் தவறவிடக்கூடாது. நாய் விற்கும் கடையில் குறைந்த காசுக்கு ஊசி போடுகிறோம் என்றால் போகாதீர்கள். மருந்து எத்தனை நாள் குளிரில்லாமல் கிடந்தது என்று நமக்குத் தெரியாது, போடுகிறவர் யார் என்பதும் தெரியாது.

மருந்தில் மிச்சம் பிடிக்க நான் செய்வது, "இது மனுஷங்க மெடிக்கல்ல கிடைக்குமா?" என்று டாக்டரிடம் கேட்பது. டாக்ஸிசைக்ளின் போன்ற சிலது கிடைக்கும், மக்கள் மருந்தகத்தில் இன்னும் குறைவு. ஆனால் சீட்டில் எழுதினால் மட்டுமே. நாங்களாக எதையும் கொடுப்பதில்லை. மூன்றாம் வீட்டுப் பூனைக்குக் காய்ச்சல் என்று பாதி பாராசிட்டமால் கொடுத்தார்கள், பாசத்தோடுதான் கொடுத்தார்கள். மறுநாள் முகம் வீங்கி, ஈறு பழுப்பாகிவிட்டது. பூனையின் உடம்பால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாதாம். காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பாட்டி இன்னும் அதைச் சொல்லி அழுகிறார்.

இன்னொன்று, ராத்திரி எங்கே போவது என்பதைப் பகலிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு எண்கள் ஒட்டியிருக்கின்றன, கீழே சிட்டுவின் எடை, 17 கிலோ.

போன மாத ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. "ஸ்கேன் இப்ப வேண்டாம்மா, முதல்ல மூத்திரத்தைப் பாப்போம், 250 ரூபாய்தான். காலையில முதல்ல போறதைப் பிடிச்சு, ஒரு மணி நேரத்துல கொண்டாங்க" என்றார் டாக்டரம்மா. விடிவதற்கு முன்னால் மகளும் நானும் நீளக் காம்புக் கரண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு சிட்டுவோடு தெருவில் இறங்கினோம். மரம் விழுந்த இடத்தில் இப்போது ஒரு புங்கன் நிற்கிறது. அதன் அடியில் அவள் உட்கார்ந்ததும் மகள் குனிந்து கரண்டியை நீட்டினாள். சிட்டு திரும்பி அவளைப் பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. மூன்று கரண்டி கிடைத்தது. மூத்திரத்தில் புரதம் போகவில்லை, தண்ணீரை நிறையக் குடிக்க வையுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த 250-ஐ மகள்தான் நோட்டில் எழுதினாள், பக்கத்தில் அடுத்த தேதியையும்.